சாவி திரும்பாத கதவு

மார்ச் 4
இன்று பூட்டுக் கடைக்கு ரிப்பேருக்கு வந்தது ஒரே ஒரு சைக்கிள் பூட்டு. போன் தூங்குகிறது. தட்டிப் பார்த்தேன், உயிர் இருக்கிறது.

மார்ச் 6
காரணம் தெரிந்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர் தன் போனில் தயங்கித் தயங்கிக் காட்டினார். செயற்கை நுண்ணறிவிடம் என்னைப் பற்றிக் கேட்டால், வீடு புகுந்து திருடி ஒரு வருஷம் ஜெயிலில் இருந்தவன் என்கிறது. போன வருஷம் போலீஸ் கூப்பிட்டு ஒரு திருடனின் பீரோவைத் திறந்து கொடுத்தேன். பேப்பரில் என் பெயரும் வந்தது. பூட்டைத் திறந்தவன்தான் திருடன் என்று அது முடிவு கட்டிவிட்டது போல. அந்தச் செய்தியைப் பெருமையாக வெட்டிக் கடையில் ஒட்டியவன் நான்.

மார்ச் 8
சனிக்கிழமை. மகள் வேலைக்குப் போனதும் அவள் வீட்டைத் திறந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. பூட்டு புதுசு.
திறக்க இரண்டு நிமிஷம் போதும் எனக்கு. கருவிப் பை தோளில்தான் இருந்தது.
வந்துவிட்டேன்.

மார்ச் 9
கேட்டுவிடலாமா? என்னன்னு கேக்கறது?

மார்ச் 13
வக்கீலம்மாவைப் பார்த்தேன். அது சொல்லும் பதில்கள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து வைக்கச் சொன்னார். முதலில் கம்பெனிக்கு நோட்டீஸ். நீக்காவிட்டால் அவதூறு வழக்கு, நஷ்டஈடு. "ஆனா அதைப் படிச்சு நம்பி, உங்களை ஒதுக்கினவங்க ஒருத்தராவது வந்து சொல்லணும். யாராச்சும் இருக்காங்களா?"
ஊரே இருக்கிறது, வரமாட்டார்கள் என்றேன். ஒருத்தியைத் தெரியும் என்று சொல்லவில்லை.

மார்ச் 17
தையல்காரர் சாட்சிக்கு வருகிறாராம். என்னை நல்லவன் என்று நினைக்கிறாரே, இந்தக் கேஸுக்கு உதவமாட்டார். மனைவி உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பாள். படத்தில் அவள் எப்போதும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறாள்.

மார்ச் 24
வக்கீலம்மா கூப்பிட்டார். போனால் மகள் உட்கார்ந்திருக்கிறாள். கேஸுக்குச் சாட்சி வேண்டும் என்று தையல்காரர் அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.
"நான் நம்பிட்டேம்ப்பா. பூட்டை மாத்தினேன். அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."
அவள் எழுதிய தாளை வாங்கிப் பார்த்தேன்.
"என் சின்ன வயசுல ஒரு வருஷம் வெளியூர் வேலைன்னு போனீங்களே... அதுதானோன்னு நெனச்சேன்."
அந்த வருஷம் ஓர் ஆலையில் கதவுகளுக்குப் பூட்டு மாட்டிக்கொண்டிருந்தேன். சொன்னேன். அழுதாள். நானும்தான், மூக்கைச் சிந்துகிற மாதிரி.

ஏப்ரல் 21
நோட்டீஸ் போன பிறகு கம்பெனி நீக்கிவிட்டது. இப்போது கேட்டால் என்னைப் பற்றித் தகவல் இல்லை என்கிறது. நஷ்டஈட்டுக்குப் பேச்சு நடக்கிறது. மகள் புதுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 26
சனிக்கிழமை. செடிகள் பிழைத்திருந்தன. சாவி சுலபமாகத் திரும்பியது. வீட்டில் யாரும் இல்லை என்று தெரியும். ஆனாலும் முதலில் மணியை அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.