வெள்ளை அடிக்காத ஒரு சாண் சுவர்

இன்று எங்கள் ஆய்வுக்கூடத்து வராந்தாவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். வாசனை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம். ஏணி மேல் இருப்பவன் திரும்பினால் நீயாக இருந்துவிடக் கூடாதா என்று ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான்.

நான் வியாசர்பாடியிலிருந்து இன்ஜினியரிங் காலேஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன்; நீ தண்டையார்பேட்டை குடோன்களுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாய். உன் வீட்டு பால்கனி சுவரோடு சேரும் இடத்தில் ஒரு விரிசல். அது வளர்கிறதா என்று பார்க்க, மாதாமாதம் அதன் நுனியில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதிவந்தேன். பொங்கலுக்கு நீ என்ன செய்தாய்? பட்டி வைத்து அடைத்து, மேலே பளிச்சென்று வெள்ளையும் அடித்துவிட்டாய். என் கோடும் தேதியும் எல்லாம் அதற்குள் மறைந்துபோயின.

"எப்டி கீது மச்சி? புது வூடு மாரி இல்ல?"

"அறிவு கீதாடா உனக்கு?" என்று மாடியே கேட்கக் கத்தினேன். உன் முகம் சுண்டிப்போனது.

மறுநாள் நீயே சுரண்டி, ஒரு சாண் சுவரை வெறுமையாக்கிக் கொடுத்தாய். புதிதாகக் கோடு போட்டேன். அடுத்த மாதம் உன் தங்கையைப் பெண் பார்க்க வந்தார்கள். வீடு முழுக்க மறுபடி வெள்ளை அடித்தாய், அந்த ஒரு சாணைத் தவிர.

"சொறி புடிச்சா மாரி கீதேடா! வர்றவங்க இன்னா நெனைப்பாங்க?" என்று உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"நெனச்சிக்கினு போட்டும்மா. அவன் பாத்துக்கினு கீறான்."

அதற்குள் விரிசல் என் கோட்டைத் தாண்டி ஒரு விரல் போயிருந்தது. யாரும் பால்கனியில் கால் வைக்கக் கூடாது என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. கதவைக் கம்பியால் கட்டினாய். கீழே கயிறு கட்டி ஆளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டாய். மாப்பிள்ளை வீட்டார் புழுக்கத்தில் வெந்தார்கள். நீ கதவைத் திறக்கவே இல்லை. நல்லவேளை, சம்பந்தம் கூடிவந்தது. பத்தாம் நாள் மத்தியானம் பால்கனி அப்படியே தெருவில் விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

"தோஸ்து, உன் பென்சிலு பொய் சொல்லல" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாய்.

நான் ஆராய்ச்சிக்கென்று இவ்வளவு தூரம் வந்த இரண்டாம் வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு உன்னைத் தூக்கிப் போனபோது தோள் கொடுக்க நான் இல்லை. அன்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கலாம், கேட்கலாம் என்றே நாள் ஓடிவிட்டது.

இங்கேயும் அதே வேலைதான்டா. பாலமோ கட்டடமோ ஒரு நூல் இறங்கினாலும் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கண்டுபிடித்து, எங்கே எவ்வளவு இறங்கியது என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டுகிறேன். சில இடங்களுக்கு மட்டும் சரியான தகவல் கிடைக்காது. அங்கே நிறம் போடாமல் விடுவேன். போன வாரம் ஒரு பாலத்தின் தூண் அப்படி ஓர் இடத்தில் இருந்தது. "மாநாட்டில் காட்டும் படம், அசிங்கமாக இருக்கிறது. பக்கத்து நிறத்தையே இழுத்து நிரப்பிவிடு" என்றார் பேராசிரியர். முடியாது என்றேன். மாநாட்டில் பேச எனக்குப் பதில் வேறொருவனை அனுப்பிவிட்டார்கள். வருத்தம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆனால் பெண் பார்க்க வந்த நாளிலேயே நீ அந்த ஒரு சாணை விட்டுவைத்தாயே. என் படத்திலும் அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது. அன்று கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ மச்சி.