பிரிக்காத பொட்டலம்

அன்பு மகள் அனுவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல மாடிவீட்டு சந்தியா எழுதுகிற கடிதம். கர்த்தருடைய கிருபையில் இங்கே எல்லாரும் வேளைக்குச் சாப்பிட்டு எழுந்து நடமாடுகிறோம், அந்தக் கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமா. அண்ணன் முருகேசனுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தறியில் ஒரு முகூர்த்தச் சேலை ஓடுகிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய், போனில் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. சந்தியா இதைப் படம்பிடித்து அனுப்பிவிடுவாள், யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறாள்.

அனும்மா, எனக்குப் பயமாயிருக்கிறது. முழங்கால் வலி என்று சொல்லி இரண்டு மாதமாக நான் மண்டியிட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து எடுக்கவில்லை, அந்த வலி பொய். புதுப் போதகர் கிறிஸ்டோபர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னார், நாம் தேடிப்போய் ரட்சிப்பைப் பிடிக்கவில்லை, உலகம் உண்டாகுமுன்னே ஆண்டவர்தான் இன்னார் இன்னார் என்று குறித்துவைத்தாராம், அந்தக் கணக்கில் இல்லாதவன் எத்தனை வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தாலும் வெளியேதானாம். பழைய போதகர் கதவு திறந்திருக்கிறது, நுழைவது உன் விருப்பம் என்றுதான் சொல்லிவந்தார், அதை நம்பித்தான் நாற்பத்தோரு வருஷம் தூங்கினேன். இப்போது தூக்கம் இல்லை, ஏனென்றால் நான் நுழைந்த விதம் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நாலு வயசில் நீ மூளைக்காய்ச்சலில் பதினோரு நாள் கண் திறக்காமல் கிடந்தாய். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா உன் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினார், ஆண்டவரே, பிள்ளை பிழைத்தால் குடும்பத்தோடு உம்மிடம் வருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். பிழைத்தாய். உன் அம்மாதான் மசியவில்லை. பூ கட்டிப் பாப்போம், வெள்ள வந்தா உங்ககூட வரேன், செவப்பு வந்தா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது என்றாள். ஓரிக்கையில் ஆற்றோரம் இருந்த அம்மன் கோயிலுக்குப் போனோம், ஆடி மாசம், உனக்குப் பச்சைப் பாவாடை, மொட்டை போட்ட தலையில் சந்தனம். அவள்தான் பூவரச இலையில் பூவை மடித்து, தறியில் கழித்துப்போட்ட பட்டு நூலால் இரண்டு பொட்டலம் கட்டினாள். உன்னை எடுக்கச் சொன்னோம், எடுத்தாய். முதுகைத் திருப்பிக்கொண்டு நான் பிரித்தேன். சிவப்பு. ரோஜா இதழ். அப்படியே வாயில் போட்டு விழுங்கிவிட்டு வெள்ளை வந்துடுச்சி என்றேன். காட்டுங்க என்று அவள் கேட்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள், பிறகு மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் எடுத்துப்போய் ஆற்று மணலில் புதைத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினோம்.

வேண்டாம் என்று பதில் வந்த இடத்துக்குள் திருட்டுத்தனமாய் நுழைந்தவன் நான். அம்மன் முன்னால் கட்டிய பூவில் கர்த்தர் பதில் சொல்வாரா என்றும் நினைக்கிறேன், ஆனால் எல்லாம் அவர் கையில் என்றால் அந்தப் பூவும் அவர் கையில்தானே. அவர் குறித்துவைக்காதவன் என்றால் நாளைக்கு நான் செத்து உன் அம்மா இருக்கிற இடத்துக்குப் போகமுடியாது. பூ விஷயத்தை மறைத்து, பயமாயிருக்கிறது என்று மட்டும் போதகரிடம் சொன்னேன், அந்தப் பயம் இருக்குதே, அதுவே நீங்க தெரிஞ்செடுக்கப்பட்டவர்ங்கிறதுக்கு அடையாளம்பா என்றார். எனக்குப் போலீஸ்காரனைக் கண்டாலும் பயம்தான், அது எதற்கு அடையாளமோ.

போன செவ்வாய்க்கிழமை திருப்புட்குழியிலிருந்து உன் சின்னம்மா புவனேஸ்வரி வந்தாள், பாரம் தாங்காமல் அவளிடம் கொட்டிவிட்டேன். விபூதி நெற்றியோடு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அட போ மாமா, ரெண்டுமே செவப்புதான், வெள்ளப் பூவே வாங்கல, உன்னத் தடுக்கணும்னு அக்கா அப்டி கட்டுச்சி, நீ வெள்ளன்னதுமே அதுக்குத் தெரிஞ்சிபோச்சி என்றாள். தெரிந்துமா வந்தாள் என்றேன். நானும் கேட்டேன் மாமா, பொய்யின்னு தெரிஞ்சிக்கினே ஏன்கா போனன்னு என்றாள். அதற்கு உன் அம்மா, கொழந்த அவரு கையப் புடிச்சிக்கினு நின்னுச்சி, ஆஸ்பத்திரில அவரு அழுததயும் பாத்தேன், நானா யோசிச்சிதான் போனேன்டி என்று சொன்னாளாம். கண்ணை மூடும்வரை முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் பண்ணினவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

பயம் போகவில்லை அனும்மா, வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நீ எதை எடுத்திருந்தாலும் சிவப்புதான் வந்திருக்கும். எடுத்தது உன் இஷ்டம், உள்ளே இருந்தது முன்னமே கட்டியது. ஆண்டவரும் அப்படித்தான் எனக்கு இரண்டிலும் ஒன்றையே வைத்துக் கட்டியிருக்கிறாரோ, அப்படியானால் அது எந்த நிறம். இல்லை, நாங்கள் இரண்டு பேரும் பண்ணின கள்ளத்தையும் சேர்த்தே அவர் கணக்குப் போட்டாரா. வருகிற ஞாயிறு திருவிருந்து. உன் அம்மா தெரிந்தே வந்த இடத்தில் நான் பயந்து வீட்டில் கிடப்பது சரியில்லை, போய் மண்டியிடத்தான் போகிறேன். கை மட்டும் நீளுமா தெரியவில்லை. அன்றைக்குப் பொட்டலத்தை எடுத்த கை உன் கை, அதைக் கூப்பி எனக்காக ஒருமுறை கேள்.

பிள்ளைகளைக் காது மூடாமல் வெளியே அனுப்பாதே, மாப்பிள்ளையிடம் குரலை உயர்த்தாதே. கர்த்தர் உன் வாசலைக் காக்கட்டும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லிவிடு, மறந்துவிடாதே.

உன் அப்பா,
வேலாயுதம் (இடது கைப் பெருவிரல் ரேகை. மை பரவியதால் இரண்டு தரம் வைத்திருக்கிறேன்)