யாரும் கேட்காதபோது

இன்று காலை பட்டர்வொர்த்திலிருந்து வந்த ஃபெர்ரியில், பக்கத்து இருக்கைப் பெண் ஜாதிக்காய் எண்ணெயை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாள். புது ஃபெர்ரியின் குளிரூட்டிய அறை முழுக்க உன் வாசனை. கடல் பயணம் ஒத்துக்கொள்ளாமல் இந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே, என்னோடு வேலைக்காகத் தினமும் கடல் கடந்தவள் நீ. நீ இறந்துபோய் ஒரு வருடமாகிறது. இருக்க முடியாமல் எழுந்து கதவருகே போய் நின்றேன்.

பல வருடங்களுக்கு முன், அன்றும் நாம் ஃபெர்ரியில்தான் இருந்தோம். பழைய ஃபெர்ரி; மேல்தளத்தில் காற்று அள்ளிக்கொண்டு போகும். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. என்னுடையது அவனுக்குப் பொருந்தும் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அம்மா தினமும் போனில், "எப்ப ஆப்பரேஷன்?" என்று மட்டும்தான் கேட்டார். என் கணவர் மோட்டார் விபத்தில் இறந்து அதிக காலம் ஆகவில்லை. பள்ளி வாசலில் நான் சற்றுத் தாமதித்தாலே மகள் அழுதுவிடுவாள்.

"யாருமே ஒன்ன கேட்கலன்னா, நீயாப் போய்க் குடுப்பியா?" என்றாய்.

கரை நெருங்கும்வரை தண்ணீரையே பார்த்தேன். பிறகு, "மாட்டேன்" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாகக் கேட்டது. "நீயா இருந்தா?"

"நான் குடுத்திருப்பேன். ஆனா நான் நீ இல்லலா. எனக்குப் புள்ள இல்ல, வீட்டுக்காரர் இருக்காரு."

நீ என்னைத் தேற்றவில்லை. அது அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

மறுவாரம் மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். விருப்பமில்லையென்றால், என் உடல்நிலை ஒத்துவராது என்று மட்டும் குடும்பத்துக்குச் சொல்லிவிடலாம், காரணம் வெளியே போகாது என்றார். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. சூலியா தெருவில் நாசி கண்டார் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதை உன்னிடம் சொன்னேன்.

"அப்படியே சொல்லலாம். ஆனா ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் மூஞ்சியப் பார்த்து அந்தப் பொய்யக் காப்பாத்தணும். ஒன்னால முடியுமா? முடியும்னா செய்."

முடியாது என்று எனக்கே தெரியும். அந்தக் கோபத்தில் சாப்பாட்டை விட்டு எழுந்து நடந்தேன். நீ பின்னாலேயே வந்தாய்.

தம்பியிடம் உண்மையைச் சொல்லப் போனபோது டயாலிசிஸ் மையத்துக்கும் வந்தாய், வாசலில் நின்றுகொண்டாய். உள்ளே தம்பியின் கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக இயந்திரத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

"என்னால குடுக்க முடியாதுடா. ஒடம்பு ஒத்துவரும். நான்தான் பயப்படுறேன். எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாப்பாவுக்கு யாரும் இல்ல."

அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "சரிக்கா" என்றான். பிறகு, "அம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றான்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.  நீயும் உட்கார்ந்தாய். நான் செய்தது சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. அன்று மட்டுமல்ல, பிறகு ஒருபோதும் சொல்லவில்லை. அம்மா நெடுநாள் என்னோடு பேசவில்லை. அந்த நாட்களில் ஃபெர்ரியில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தவள் நீதான்.

இப்போது மகள் வளர்ந்து பிறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறாள். தம்பி இன்னும் டயாலிசிஸில் இருக்கிறான். போன மாதம் பார்க்கப் போனபோது, நர்ஸ் ஊசி குத்த இடம் தேடிக் களைத்துப்போனார். அவன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். திரும்பும்போது பஸ்ஸில் உன் பழைய கேள்வியை என்னிடம் நானே கேட்டுப் பார்த்தேன். இம்முறை 'குடுப்பேன்' என்ற பதில் யோசிக்கும் முன்பே வந்துவிட்டது. நம்பாமல் ஒரு வாரம் விட்டு மறுபடி கேட்டேன். அதே பதில்தான். மகளிடம் சொன்னேன், அழுதாள், தடுக்கவில்லை.

தம்பிதான் கோபப்பட்டான். "அக்கா, இப்ப யாரு ஒன்ன கேட்டா?"

"யாரும் கேட்கலடா."

ஊசி இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

இன்று மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். பழைய சோதனைகள் செல்லாதாம்; எனக்கும் வயதாகிவிட்டது. ஒத்துவராமலும் போகலாம். அன்றைக்கு இருந்த அளவு பயம் இன்றைக்கும் இருக்கிறது. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். என்ன செய்யட்டும் என்று கேட்பதற்காக இல்லை.