எடுக்காமல் விட்ட முகவரிகள்

மார்ச் 4, செவ்வாய்

நேற்றும் ஒருவர்கூடப் பணம் கட்டவில்லை. தரவிறக்கும் பக்கத்தில் பாராட்டு மட்டும் வருகிறது. "ராத்திரி வியர்த்து எழுந்தால் முதலில் இதைத்தான் திறக்கிறேன்" என்று யாரோ ஒரு பெண்.

மாதவிடாய் நிற்கும் பருவத்துப் பெண்கள் தூக்கம், எரிச்சல், மாத்திரை எல்லாவற்றையும் குறித்துவைக்க நான் எழுதிய செயலி. குறிப்பது அவரவர் போனிலேயே இருக்கும். எனக்கு எதுவும் வராது. பெயர், மின்னஞ்சல்கூடக் கேட்பதில்லை.

வரவு செலவைப் பார்த்துவிட்டுத் தம்பி, "அக்கா, நீ கடை வச்சிருக்கியா, மடம் நடத்துறியா?" என்றான். சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. நிறுவனத்தில் பெரும்பங்கு அவனுடையது. இதற்காக வீட்டை அடமானம் வைத்தவனும் அவன்தான்.

மார்ச் 11, செவ்வாய்

விளம்பர நிறுவனத்து ஆள் வந்தார். தூக்கம் பற்றிய பக்கத்தில் தலையணை விளம்பரம் போடுங்கள், படிப்பது யாரென்று உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன்.

"யாருன்னு தெரிஞ்சாதான் மேடம் ரேட்டு. அம்பது வயசு, தூக்கம் இல்ல, மனசு சரியில்ல — இதெல்லாம் தங்கம் மேடம்."

தங்கமாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியாது.

கட்டணத்தைக் குறைத்துப் பார்க்கலாம் என்றேன் தம்பியிடம். "கொறச்சுக் கொறச்சு, கடைசில நாமளே அவங்களுக்குக் குடுக்கப் போறோம், பாரு."

மார்ச் 20, வியாழன்

குறைத்தாயிற்று. ஒன்றும் அசையவில்லை.

ஏப்ரல் 2, புதன்

விற்றுவிட்டோம். இதுபோன்ற செயலிகளை வாங்கிச் சேர்க்கும் ஒரு நிறுவனத்துக்கு. நான் கையெழுத்துப் போடாவிட்டாலும் விற்பனை நடக்கும் என்று வக்கீலம்மா முன்பே சொல்லியிருந்தார். அப்புறம் எதுக்குப் போட்டேன்? தம்பி முகத்தைப் பார்த்துத்தான். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது.

பயனர் விவரங்கள் எங்கே என்று கேட்டார்கள். எங்களிடம் இல்லை என்றேன். "பரவால்ல, அடுத்த அப்டேட்ல எடுத்துக்கறோம்" என்றார் ஒருவர், பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே.

ஏப்ரல் 9, புதன்

"செயலி கைமாறிவிட்டது. உங்கள் குறிப்புகளைப் படியெடுத்துக்கொண்டு நீக்கிவிடுங்கள்." எழுதி முடித்துவிட்டேன். யாருக்கு அனுப்புவது? ஒரு முகவரி இல்லை. யாரென்று தெரியவே கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கட்டியது நான்தானே.

செயலிக்குள்ளேயே அறிவிப்பாகப் போடலாம் என்று உட்கார்ந்தேன். உள்ளே விடவில்லை. கையெழுத்தான அன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். அதுக்கு முன்னாடியே போட்டிருக்கணும். ஏன் தோணல? மறைக்க அத்தனை வழி யோசிச்சவளுக்கு, கூப்பிட்டுச் சொல்ல ஒரு வழி தோணலையே —

தம்பியிடம் சொன்னேன். "விடுக்கா. போட்டாலும் எவ படிக்கப் போறா?"

ஏப்ரல் 17, வியாழன்

அதே அறிவிப்பை இணையத்தில் என் பெயரிலேயே எழுதிப் பார்த்தேன். கல்லூரித் தோழிகள் இருவர் வருத்தம் தெரிவித்தார்கள். ஒருவர் பூனைப் படம் போட்டிருக்கிறார்.

மே 6, செவ்வாய்

பெரியக்கா கூப்பிட்டாள்.

"ஏண்டி, உன் ஆப்பு நேத்துலேருந்து புதுசா இருக்கே? பேரு, பொறந்த தேதி, எந்த டாக்டர்னு எல்லாம் கேட்டுச்சு."

அவள் அதை வைத்திருக்கிறாள் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும்.

"குடுத்தியா?"

"வேற எவன் கேட்டாலும் குடுப்பேனா? நீ கேக்குறேன்னுதான் குடுத்தேன். சம்மதம்னு வந்த எடத்துல எல்லாம் அழுத்திட்டேன். ஏன், தப்பா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் உள்ளதைச் சொன்னேன். அவள் குக்கரை இறக்கிவைக்கும் சத்தம் கேட்டது.

"மனசு சரியில்லாத நாளெல்லாம் அதுலதான்டி எழுதி வச்சிருந்தேன்" என்றாள். "உங்கிட்டகூடச் சொல்லாததெல்லாம்."