இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பார்த்தோம்

என் உயிரான தாஸண்ணே,

என் வீட்டுக்காரி கஸ்தூரியை உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கால் மணி நேரம் ஆகிறது. பச்சைச் சட்டை மாட்டி, தலைக்குத் தொப்பி போட்டு, வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு இடது கண்ணில் ஊசி. அவளுக்கு முன்னால் இன்னும் நாலு பேர் இருக்கிறார்களாம். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தால் வாட்ச்மேன் முறைக்கிறார். எதிர்க் கடையில் ஒரு நோட்டு வாங்கி வந்து உனக்கு எழுத ஆரம்பித்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. இதுவரை உன்னிடம் மனசுக்குள்கூட ஒழுங்காகப் பேசாதவன் நான். பேசினால் எதைப் பேச வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான். இதை என்னோடு காலையில் நடக்கிற பார்க் ஆட்களும் படிக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

பெங்களூர் பீன்யா ஃபேக்டரியில் ஒரே கூரைக்குக் கீழே இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தோம். நான் லேத்தில், நீ இன்ஸ்பெக்ஷன் மேசையில். நான் கடைந்து அனுப்புகிற ஷாஃப்ட்டில் மயிரளவு கோணல் இருந்தாலும் சிவப்பு பெயின்ட் பூசித் திருப்பி அனுப்புவாய். தங்கவயல்காரனின் வாய் வேறு, மேனேஜரையும் விட்டு வைக்காது. உன் கையில் பாஸ் ஆன சரக்கு எந்தக் கம்பெனிக்குப் போனாலும் திரும்பி வராது என்பதில் எனக்கும் பெருமைதான்.

ஆனால் ஒரு வாரம் என் ஷாஃப்ட்களை வரிசையாக ரிஜெக்ட் செய்தாய். நானும் மெஷினை மூன்று முறை பிரித்து மாட்டினேன். கடைசியில் சண்டைக்கே வந்துவிட்டேன். அப்போதுதான் நீ புதிதாக வந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்துப் பார்த்து, இதுவும் வளைந்துதான் வந்திருக்கிறது என்று குப்பைத் தொட்டியில் எறிந்தாய். நான் அதைப் பொறுக்கி, மட்டம் பார்க்கிற சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தேன். துளி வெளிச்சம் இல்லை. ஸ்கேல் நேராக இருந்தது.

சுற்றி நாலு பேர் நின்றார்கள். உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு உன்னைக் கேன்டீன் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், கண் டாக்டரிடம் போகலாம் என்றேன். அதுவரை நான் செய்தது சரி. அங்கேயே நின்றிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

அந்த டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். வயதானால் சிலருக்கு விழித்திரையின் நடுவில் வருகிற கோளாறு இது, இடது கண்ணில் ரத்தக் குழாய் கசிய ஆரம்பித்திருக்கிறது, ஊசி போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார். வெளியே வந்து நீ பீடி பற்றவைத்தாய். மூன்று குச்சி வீணானது.

"கண்ணுல ஊசியா முனி? என்னால ஆவாதுடா. நீ ஏதாச்சும் வழி சொல்லு."

நீ கேட்டாய், நான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு உன் கையைப் பிடித்து மறுபடி உள்ளே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அப்போது நான் யார்? நடந்தே பி.பி.யை இறக்கியவன். ஸ்ரீராம்புரம் பார்க்கில் வாக்கிங் வருகிறவர்களுக்காக தினமும் காலையில் போர்டில் உடம்புக் குறிப்பு எழுதிப் போடுகிறவன். ஆஸ்பத்திரி என்று யாராவது சொன்னாலே எனக்கு இளக்காரமாகச் சிரிப்பு வரும். மூன்று மாதம் என் பேச்சைக் கேள், அப்புறமும் சரியாகவில்லை என்றால் ஊசிக்குப் போகலாம் என்றேன்.

நீ என் பேச்சை அப்படியே கேட்டாய் பார், அதுதான் எனக்கு உன்மேல் இருக்கிற கோபம். வேறு ஆளாக இருந்தால் பாதி நாள் ஏமாற்றியிருப்பான். நீ முப்பத்தைந்து வருஷத்துப் பீடியை அன்றைக்கே விட்டாய். பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் மாறி மாறிச் சாப்பிட்டாய். கேரட், நெல்லிக்காய்ச் சாறு, காலையும் மாலையும் நடை, உள்ளங்கையைச் சூடு பறக்கத் தேய்த்துக் கண்ணில் பொத்திக்கொள்வது, எதையும் ஒருநாள் விடவில்லை. இருமல் நின்றது, சர்க்கரை குறைந்தது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. எல்லாரிடமும் உன்னைக் காட்டிக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

கண்ணை எப்படிச் சோதித்தோம் என்று நினைவிருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வருவாய். சுவர்க் காலண்டர் முன்னால் நிறுத்தி, தேதிக் கட்டங்களின் கோடு நேராக இருக்கிறதா என்று கேட்பேன். நேராகத்தான் இருக்கிறது என்பாய். கஸ்தூரி காபி கொடுப்பாள். நீ இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தாய், அண்ணே. நல்ல வலது கண் கெட்ட இடது கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. ஒரு ஷாஃப்ட்டை உருட்டி உருட்டி மூன்று இடத்தில் அளக்கிறவன் நீ. ஒரு கண்ணை மூடிப் பார்ப்போம் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லையா? இல்லை, தோன்றியும் வேண்டாம் என்று விட்டோமா? நேராக இருக்கிறது என்று நீ சொன்னது என் முகத்துக்காகவா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதக் கடைசியில், முகம் கழுவும்போது வலது கண்ணில் சோப்பு பட்டு மூடினாய். இடது கண்ணின் நடுவில் கறுப்பு மட்டுமே இருந்தது. உள்ளே தழும்பு விழுந்துவிட்டது, தாமதமாக வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். அடுத்த வருஷம் வலது கண்ணும் அதே வழியில் போனது. அப்போது வீட்டில் யாருக்கும் சொல்லாமல் ஊசிக்கு ஓடினோம். பாதிப் பார்வைதான் மிஞ்சியது.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில், டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார் என்று முடித்துவிட்டாய். உன் மகள் ஸ்டெல்லாவின் கல்யாணத்தில் அவள் முகத்தைப் பார்க்க நீ தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் திருப்பித் தேடினாயே, அப்போது நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ போன அன்று அவள் என்னிடம் வந்து, நிஜமாகவே அப்பாவுக்கு வைத்தியம் இல்லையா சித்தப்பா என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். வயசானால் அப்படித்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

இப்போது கஸ்தூரி விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலை கூடத்தில் படுத்திருந்தவள், டியூப் லைட் ஏன் நடுவில் குழி விழுந்த மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். வலது கண்ணை மூடச் சொன்னேன், குழி இன்னும் பெரிதாகத் தெரிந்தது. இடது கண்ணை மூடச் சொன்னேன், லைட் நேராக இருந்தது. உடனே கிளம்பு என்றேன். அவள் சிரித்தாள்.

முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியே வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே என்றாள். தாஸண்ணனுக்குக் கொடுத்ததையே எனக்கும் கொடுங்கள், அவருக்கு முற்றிப் போயிருந்தது, எனக்கு இப்போதுதானே ஆரம்பம், மூன்று மாதம் பார்ப்போம், சும்மா பயப்படாதீர்கள் என்றாள். நான் உனக்குச் சொன்ன அதே மூன்று மாதம். சாயங்காலமே பொன்னாங்கண்ணி வாங்கி வந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கெஞ்சினேன், புதன்கிழமை கத்தினேன். என்னுடைய புத்தி எனக்கே எதிரே உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நான் எழுதிய குறிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி என் வாயை அடைத்தாள். மூன்று நாளாக பார்க் போர்டு காலியாகக் கிடக்கிறது, என்னாயிற்று என்று போன் செய்கிறார்கள். நேற்று காலை அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். உங்கள் மூக்கு இருக்கிற இடம் மங்கலாக இருக்கிறது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கீரை ஆய உட்கார்ந்தாள்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கீரையை அவள் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தேன்.

"கஸ்தூரி, தாஸண்ணன் கண்ண கெடுத்தது வயசு இல்ல. நான். டாக்டர் ஊசி போடணும்னு சொன்னாரு. அவரு பயந்தாரு. நான்தான் வேணாம்னு நிறுத்தினேன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என்னைக் கைப்பிடித்த நாளிலிருந்து அப்படி ஒரு பார்வை அவள் பார்த்ததில்லை. ஸ்டெல்லாவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எழுந்துபோய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். ஆட்டோ பிடித்து இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

இங்கே ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா கன்னடத்தில் பொறுமையாக விளக்கினார். அதே கோளாறு, அதே கசிவு, மறுநாளே ஊசி. எனக்கு வீம்பு போகவில்லை, கீரையும் நடையும் வீணா என்று கேட்டேன். வீணில்லை, விடாதீர்கள் என்றார். கசிவு இல்லாத வகையில் அது நோயின் வேகத்தைக் குறைக்க உதவலாம், இன்னொரு கண்ணுக்கும் நல்லது, புகை பிடிக்காமல் இருப்பது அதைவிட முக்கியம் என்றார். ஆனால் கசிகிற குழாயைக் கீரை அடைக்காது என்று சொல்லி என் முகத்தைப் பார்த்தார். ரத்த சொந்தங்கள் யாருக்காவது இருக்கிறதா, வயதாகும்போது அவர்களும் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்றார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஸ்டெல்லா. இதற்கு வைத்தியமே இல்லை என்று அவளை நம்ப வைத்திருக்கிறோம், அண்ணே, நாம் இரண்டு பேரும்.

கடைசியாக டாக்டரம்மா, எவ்வளவு பார்வை திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள் என்றார். கஸ்தூரி தலையாட்டினாள். நான் வெளியே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அந்த வார்த்தையை உன்னிடமும் ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவிடாமல் செய்தவன் நான்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்துவிட்டது. இடது கண்ணில் பிளாஸ்திரியோடு கஸ்தூரி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். வலித்ததா என்றேன். சுருக்கென்றது, அவ்வளவுதான் என்றாள். வளையலைப் போட்டுக்கொண்டே கேட்டாள்:

"இதுக்கா தாஸண்ணன் அவ்ளோ பயந்தாரு?"

நீ பயந்ததில் தப்பில்லை, அண்ணே. யாருக்குத்தான் பயம் இருக்காது? பயந்தவனை உள்ளே கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டும். உனக்கு இருந்த ஒரே ஆள் நான், வெளியே கூட்டி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ஸ்டெல்லா வீட்டில் இருப்பாள். ஜீவனஹள்ளிக்குப் போகிறேன். சித்தப்பா என்று சிரித்துக்கொண்டே கதவைத் திறப்பாள், நான் சொல்லி முடித்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவாளோ தெரியாது. எனக்காக நீ சொன்ன பொய்யை உன் மகளிடம் நானே உடைக்கிறேன், அவள் கண்ணையாவது நேரத்தில் காட்டச் சொல்கிறேன். அவள் என்னை வெளியே போகச் சொன்னாலும் இதைச் சொல்லாமல் அந்த வாசலை விட்டு நகர மாட்டேன். இது சத்தியம்.

உன் தம்பி என்று சொல்லிக்கொள்ள இன்னும் ஆசைப்படும்,
முனிரத்தினம்