என்ன புகழுங்கண்ணா?

என் ஆசை மச்சான் மாரிமுத்துவுக்கு,

நீ போய்ச் சேர்ந்து, வருகிற வாரத்தோடு ஒரு வருஷம். நினைவுநாள் பேனருக்கு வாசகம் எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில்தான். நம் குடியிருப்பு பிளாக்கில் யார் செத்தாலும் நான் எழுதுவேனே, அந்த 'உங்கள் புகழ் என்றும் மறையாது', அதையே எழுதி உன் மனைவி செல்வியிடம் காட்டினேன்.

"என்ன புகழுங்கண்ணா? அவர பத்தி இப்ப யாரு பேசிக்கினு இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அகராதியைப் புரட்டினேன். பழைய தமிழில் இசை என்றாலே புகழ்தானாம், காதில் விழுவது. ஆங்கிலத்தில் ஃபேம் என்கிறார்களே, அதன் லத்தீன் வேருக்கும் பேச்சு என்றுதான் பொருள். ஊர்வம்பும் அதில் சேர்த்தி! செல்வி அகராதி பார்க்காமலே சொல்லிவிட்டாள் பார்.

ஒரு வாரம் ஷிப்ட் பஸ்ஸில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் பேச்சே எழவில்லை. என் பேச்சுதான் வந்தது. "நிலக்கரி போற பெல்ட்டு பத்திக்கிச்சில்ல, அப்ப நம்ம அண்ணன்தான் ஓடிப்போயி கயித்த இழுத்து நிறுத்துனாரு" என்று புதிதாகச் சேர்ந்தவரிடம் ஒருவர் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெல்ட்டுக்கு அடியில் உருளை சூடேறிப் புகைந்ததைப் பார்த்தது நீ. பெல்ட்டை நிறுத்தும் அபாயக் கயிற்றை இழுத்ததும் நீ. ஷிப்ட் புத்தகத்தில் என் பெயரை எழுதியது மட்டும்தான் நான். "வுடு மச்சான், நான் காண்ட்ராக்ட்டு. அங்க உனக்கு என்னா வேலன்னு கேப்பாங்க. நீ பர்மனென்ட்டு, உம்பேரே இருக்கட்டும்" என்றாய். அதைச் சாக்காக வைத்து, அதற்குக் கொடுத்த பரிசுக் கேடயத்தையும் மேடையேறி வாங்கிக்கொண்டேனே, எனக்கு ஏன் கூசவில்லை? கீழே நின்று நீ கைதட்டினாய். அதற்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா?

பேனர் வாசகத்தில் 'புகழ்' என்பதை அடித்துவிட்டேன். 'அன்று பெல்ட்டை நிறுத்தியவர்' என்று போடச் சொல்லி வடலூர்க் கடையில் கொடுத்தாயிற்று. நடந்ததைச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், கேடயம் இப்போது உன் வீட்டில், செல்வியிடம். அவள் அதை வாங்கி முந்தானையால் துடைத்து வைத்தாள்.

நாளைக் காலை பஸ்ஸில் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், இது சத்தியம். காறித் துப்பினாலும் துப்பட்டும். என்னைத் திட்ட வேண்டுமென்றாலும் உன் பேரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

உன் செல்வி இன்னமும் அண்ணா என்று கூப்பிடுகிற,
உன் மச்சான்
தனபால்