எனக்கு மட்டும் வந்த ஓட்டு உறை

மனுரேவா, ஆக்லாந்து

அன்பு மகள் தாரிணிக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஹவாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். அப்பா போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. நான் ஹீட்டரைப் போட்டால் அவர் வந்து அணைப்பார், இப்போது அணைக்க ஆள் இல்லாமல் அது பாட்டுக்கு எரிகிறது.

போன வாரம் தபாலில் கவுன்சில் தேர்தலுக்கான ஓட்டுச்சீட்டு உறை வந்தது. எப்போதும் இரண்டு வரும், இந்த முறை எனக்கு மட்டும் ஒன்று. நாலாம் வகுப்புப் படித்தவள், அப்பா விரல் வைத்த இடத்தில் டிக் போட்டே பழகிவிட்டேன். ஆனால் உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தது அதனால் மட்டும் இல்லை. நீ போனில் சொன்னாயே, அந்தக் காலத்தில் ஹவாய் ராஜாவைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டிப் புதுச் சட்டத்தில் கையெழுத்து வாங்கி, வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கார முதலாளிகள் தங்களுக்கு ஓட்டு எழுதிக்கொண்டார்கள், சொத்தில்லாத ஊர்ச்சனங்களின் ஓட்டைப் பறித்தார்கள், பிறகு நாடே கைவிட்டுப் போய்விட்டது என்று. அதைக் கேட்டதிலிருந்து மனசு உறுத்துகிறது. எனக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடையாது, ரெசிடன்ட் விசாதான், இருந்தும் ஓட்டு இருக்கிறது. இங்கே ஆதியிலிருந்தே இருக்கும் மாவோரிகள் மண்ணில் நான் டிக் போடுவதும் அதே வேலைதானோ என்று ஒரு பயம். கேட்க அப்பா இல்லை, உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு மெரே மாவோரிதானே, அவளிடம் போய் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நீ என்ன துப்பாக்கியோடவா வந்த, குக்கரோடதானே வந்த என்று சிரித்தாள். அப்புறம் முகம் மாறி, ஓட்டுப் போடு, எங்க வாயை அடைக்கிற ஆளுக்கு மட்டும் போட்டுடாதே என்றாள். யார் அது என்று கேட்டால், கண்டுபிடிக்கிறது உன் வேலை என்று சொல்லிவிட்டாள். உறையோடு வந்த, தேர்தலில் நிற்பவர்கள் எழுதிய புத்தகத்தை இரண்டு நாள் எழுத்துக்கூட்டிப் படித்தேன். எனக்குப் புரிந்தது ஒருத்தி எழுதியதுதான், இங்குள்ள மாவோரிகளைக் கேட்காமல் கடலோரத்தில் எதுவும் கட்ட விடமாட்டேன் என்று. அவளுக்கு டிக் போட்டேன், மற்றதை அப்படியே விட்டுவிட்டேன். சூப்பர்மார்க்கெட் வாசலில் இருந்த ஓட்டுப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்பா நிற்கிற நினைப்பில் பக்கத்தில் திரும்பி, சரியாப் போட்டேனாங்க என்று கேட்டிருக்கிறேன். ட்ராலி தள்ளி வந்த ஒரு பெண், ஸாரி என்றாள்.

தாரிணி, நீயும் அங்கே வெளியிலிருந்து போனவள்தான். அந்த ஊர்ச்சனங்கள் தங்கள் உரிமைக்குக் கூட்டம் போட்டுக் கூப்பிட்டால் போ, பின்னால் உட்கார், அவர்கள் பேசி முடிக்கட்டும். நூறு வயசு நல்லா இரு கண்ணு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே, நான் தனியாகச் செய்தது சரிதானா என்று உன் வாயால் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மரகதம்